தண்ணி வருமா சார்?

தாம்பரம் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. சித்திரையில் கேட்டால் குழாயில் வருமா, போரில் வருமா, லாரிக்குச் சொல்ல வேண்டியிருக்குமா என்று அர்த்தம். ஐப்பசியில் கேட்டால் வாசப்படி தாண்டி உள்ளே வருமா என்று அர்த்தம். வார்த்தை ஒன்றுதான். எங்கள் வீட்டைப் பார்க்க அந்தக் குடும்பம் வந்தது 2024 ஆவணியில். ரெண்டுங்கெட்டான் மாதம். அவர் எந்தத் தண்ணீரைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரோக்கர் முந்திக்கொண்டு, "ரோட்டுல மட்டும் கொஞ்சம் நிக்கும் சார், ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிரும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதினோரு வயசிலேயே பதில் தெரியும். விரால் பிடிக்கப் போய்த் தெரிந்துகொண்டது.

ஏரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் விலை இன்னும் இறங்கும் என்று அப்பா பயப்படுகிறார். மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூர் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே ஒரு பெயர் உண்டு. ஒரு ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. எனக்கு காலேஜில் லிங்க்டு லிஸ்ட் நடத்தியபோது மனசில் வந்த படம் இதுதான். ஒரு கண்ணியை அழித்துவிட்டு பாயின்டரைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பாடத்தில் நான் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் புரிந்துகொண்டேன்.

மாமாதான் கூட்டிப்போவார். அம்மாவின் தம்பி. ரயில்வேயில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கிளம்பிவிடுவார். மற்ற பையன்கள் மண்புழுவும் பிசைந்த மைதா மாவும் வைத்துக் கரையோரம் ஜிலேபி பிடிப்பார்கள். ஜிலேபி யார் போட்டாலும் மாட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி எங்கெங்கோ சுற்றி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இன்றைக்குச் சாக்கடை கலக்காத ஏரியிலும் இருக்கிறது, கலந்த ஏரியிலும் இருக்கிறது. மாமா ஜிலேபியை மீனாகவே மதிக்க மாட்டார். "அது எறும்பு மாதிரி மாப்ள" என்பார். அவருக்கு விரால் மட்டும்தான்.

ஏரியில் மீன் பாசி குத்தகை எடுத்தவரின் காவலாள் ஒருவர் உண்டு. தூண்டிலோடு வருகிறவர்களைத் துரத்துவதுதான் வேலை. மாமாவை மட்டும் விட்டுவிடுவார். குத்தகைக்காரர் காசு போட்டுக் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டிருப்பார். விரால் அதையெல்லாம் தின்று தீர்க்கும். எனவே விராலைப் பிடிக்கிறவன் ஒருவகையில் அவர்கள் கட்சி. பெரிய விராலாக மாட்டினால் காவலாளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு வருவார் மாமா. அந்த ஒப்பந்தம் வாயால் பேசப்பட்டு நான் கேட்டதில்லை.

விராலுக்குச் செவுளோடு கூட, தலைக்குள் காற்றை இழுத்து வைத்துக்கொள்ள ஓர் அறை உண்டு. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போக வேண்டும். வராமல் தண்ணீருக்குள்ளேயே அடைத்து வைத்தால் மீனாக இருந்தும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மார்க்கெட்டில் கட்லா ஐஸில் கிடக்கும்போது விரால் மட்டும் அலுமினிய டப்பில் உயிரோடு புரண்டுகொண்டிருப்பது இதனால்தான். கோடையில் ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை வந்தால் ஈரத் தரையில் நெளிந்து நெளிந்து பக்கத்துக் குட்டைக்கே போய்விடும். அது மூச்சு வாங்க வரும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஆகாயத்தாமரைக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் தவளையை இறக்க வேண்டும். தொடையில் முள் ஏற்றிய சின்னத் தவளை. மூங்கில் கழி, தங்கூசி நரம்பு. தக்கை கிடையாது, ஈயம் கிடையாது. தவளை தானே நீந்திக்கொண்டிருக்க வேண்டும். (பாவம்தான். அப்போது தோன்றவில்லை. இப்போது ரப்பர் தவளை விற்கிறார்கள்.)

விரால் எடுக்கும் சத்தம் தண்ணீரில் யாரோ கையைக் குவித்து அடித்ததுபோல இருக்கும். உடனே இழுக்கக் கூடாது. "பத்து எண்ணு மாப்ள. வாங்கிட்டுப் போய் முழுங்கட்டும்" என்பார் மாமா. நான் நாலு எண்ணுவதற்குள் இழுத்துவிடுவேன். பாதித் தவளை மட்டும் வரும்.

நல்ல விரால் இருந்த இடம் கரைப் பக்கத்து ஆழம் இல்லை. எதிர்ப்பக்கம், உள்வாய். ஏரி நிரம்பினால் மட்டும் தண்ணீர் ஏறும் மேட்டு நிலம். மற்ற மாதங்களில் யாரோ அங்கே நெல்லோ கீரையோ போட்டிருப்பார்கள். பட்டா நிலம். அதன் நடுவில் ஒரு பழைய விவசாயக் கிணறு. கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கிற காலத்தில் நட்ட இரண்டு கல்தூண்கள். ஏரி நிரம்பும்போது கிணறு தண்ணீருக்கு அடியில் போய்விடும். கல்தூண்கள் மட்டும் ரெண்டு முழம் வெளியே தெரியும். மாமா அங்கே என்னை விடவே மாட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் அவர் மட்டும் போய் நின்று தூண்களுக்கு நடுவே தவளையை இறக்குவார். "கீழ கிணறு இருக்கு. கால் வெச்சா ஆளே கிடைக்க மாட்ட." வெயில் காலத்தில் கிணற்றிலும் அதைச் சுற்றிய சேற்றிலும் தங்கி, மழைக்கு வெளியே வரும் விரால்கள் அவை. நான் பார்த்ததிலேயே பெரியது என் முழங்கைக்கு மேல் நீளம் இருந்தது.

கார்த்திகையில் அதே இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் தண்ணீரின் மேல்மட்டத்தில் பொங்கிப் பொங்கி அடங்கும். விரால் குஞ்சுகள். கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பெரியவை பாய்ந்து வந்து கடிக்கும், பசிக்காக இல்லை, துரத்துவதற்காக. இதைத் தெரிந்துகொண்டு குஞ்சுக் கூட்டத்தின் மேலேயே தூண்டில் போடுகிறவர்கள் உண்டு. மாமா போட மாட்டார். அதற்குப் பெரிய விளக்கமெல்லாம் சொன்னதில்லை. செங்குஞ்சைப் பார்த்தால் கழியைச் சுருட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

2002 மே மாதம் அப்பா எங்கள் எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றி ஒரு மனையைக் காட்டக் கூட்டிப்போனார். பி.எஃப்.பில் லோன் போட்டு, அம்மாவின் வளையலை வைத்து, அரை கிரவுண்டு. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. சுண்ணாம்புக் கோடு, வெள்ளையடித்த கற்கள், அரளிச் செடி நட்ட ஒரு வளைவு. எனக்குப் பதினாலு வயசு. ஆட்டோவிலிருந்து இறங்கி ஐந்து நிமிஷம் எனக்கு அது எந்த இடம் என்றே தெரியவில்லை. ஏரியை நாங்கள் எப்போதும் கரைப் பக்கமிருந்துதான் அணுகுவோம். அப்புறம் பக்கத்து மனையில் புதுசாகக் கொட்டிய செம்மண்ணைப் பார்த்தேன். வட்டமாக இருந்தது. பக்கத்தில் இரண்டு கல்தூண்களும் பிடுங்கிப் படுக்க வைக்கப்பட்டிருந்தன.

அப்பா கேட்டார். "எப்படிடா இருக்கு?"

அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவருடைய அப்பாவுக்குச் சொந்த வீடு கிடையாது. "சூப்பரா இருக்குப்பா" என்றேன்.

பேப்பர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பட்டா, வில்லங்கச் சான்று, எல்லாம். ஏரியின் எல்லைக்கல்லுக்கு வெளியேதான் மனை. ஏரிக்கு அந்தக் கல் தெரியாது, அவ்வளவுதான். 2005இல் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது மாமா வந்தார். மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார். கல்தூண்களில் ஒன்றை மேஸ்திரி துவைக்கிற கல்லாகப் போட்டிருந்தார். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "மாப்ள, கிணறு எங்க?" என்றார்.

"பக்கத்து மனைக்குக் கீழ."

தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அவரும் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. பந்தியில் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

பத்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை. மழை பெய்தால் தெருவில் நிற்கும், வடியும். நான் மறந்தேபோனேன் என்றுகூடச் சொல்லலாம். 2015 நவம்பர் நடுவில் ஒருமுறை முழங்கால் அளவுக்கு உள்ளே வந்துவிட்டுப் போனது. டிசம்பர் 1ஆம் தேதி பெய்ததுதான் பெய்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். ராத்திரி பத்து மணிக்கு அம்மாவையும் அப்பாவையும் மாடி ரூமுக்கு ஏற்றினேன். விடிந்து பார்த்தபோது கீழே ஃபேன் றெக்கைக்கு ஒன்றரை அடி கீழே தண்ணீர் நின்றது.

அந்த வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். 24 அடி உயரம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, அன்று ராத்திரி வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பதெல்லாம் இன்றைக்கும் ஆட்டோக்காரருக்கே மனப்பாடம். சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அது பொருந்தும். எங்களுக்குப் பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். நாங்கள் அதற்கு மேலே இருக்கிறோம். எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து வழிந்து வந்த தண்ணீர். போன நூற்றாண்டில் எந்த வழியாக வந்ததோ அதே வழியாக வந்தது. ஆனால் ஷட்டரைத் திறந்த ஒருவர் இருந்தால் திட்டுவதற்கு வசதி. எங்கள் தண்ணீரை யாரும் திறந்துவிடவில்லை. அதனால் எங்கள் தெருக்காரர்களும் செம்பரம்பாக்கத்தையே திட்டினோம்.

தண்ணீர் வடிந்து, சேற்றை வாரிப்போட்டு, மெத்தைகளைத் தெருவில் எறிந்து, டிசம்பர் மூன்றாம் வாரம். பக்கத்து மனை இன்றுவரை காலிதான். வாங்கியவர் துபாயில் இருக்கிறார், கிணறு மூடிய மண் உள்வாங்கிக்கொண்டே இருப்பதால் கட்ட யோசிக்கிறார் என்று கேள்வி. அதில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே அப்பா காம்பவுண்டுச் சுவர் மேல் எட்டிப் பார்த்தார்.

"டேய், இங்க வா. இது என்னடா செவப்பா?"

பொங்கிப் பொங்கி அடங்கிக்கொண்டிருந்தது. பார்க்காமலே சொன்னேன். "விரால் குஞ்சுப்பா."

"ரோட்டுத் தண்ணியில விராலா?"

அப்புறம் எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிணறு, கல்தூண், மாமா, தவளை. சொல்லச் சொல்ல அவர் வாயில் நுரையோடு நின்றுகொண்டிருந்தார். துப்பிவிட்டுக் கேட்டார். "வாங்கறப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல."

அன்றைக்கு முழுவதும் பேசவில்லை. ராத்திரி, எங்களுக்கு யாரோ கொடுத்த பாயில் படுத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்து அவராகவே சொன்னார். "சொல்லியிருந்தா மட்டும் என்ன? நம்ம காசுக்கு வேற எங்க கெடச்சிருக்கும்? வேளச்சேரியிலயா வாங்கியிருப்பேன்? அதுவும் ஏரிதான்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது என்று நினைக்கிறேன்.

2017இல் கம்பெனி என்னை ஆறு மாதம் மினியாபொலிஸுக்கு அனுப்பியது. டீமில் ஒருவன் வடக்கு டகோட்டாக்காரன். மீன் பிடிப்பேன் என்று தெரியாத்தனமாக ஒருநாள் சொல்லிவிட்டேன். ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை காரில் போட்டு எட்டு மணி நேரம் மேற்கே ஓட்டிக்கொண்டு போனான். சகாகவியா ஏரி. மிசௌரி ஆற்றின் குறுக்கே காரிசன் அணையைக் கட்டித் தேக்கியது, நீளம் மட்டும் 280 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாள் மீன்பிடி லைசென்ஸ் எடுத்தோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து மீன்தான்.

அங்கே அவர்களுக்கு விரால் என்றால் அது வால்ஐ. (வாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பித்தளை நிறத்தில், கண் மட்டும் கண்ணாடிக் குண்டுபோல வெளுத்து இருக்கும். பூனைக்கு இருப்பதுபோல விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம். அதனால் வெளிச்சம் மங்கிய பிறகு, மற்ற மீன்களுக்குக் கண் தெரியாத நேரத்தில், வேட்டைக்கு வரும். நண்பன் படகில் ஒரு சோனார் திரை வைத்திருந்தான். தரையின் படம் கோடு கோடாக ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய தண்ணீரில் முக்கால்வாசி இடத்தில் மீனே இருக்காது, தரை எங்கே சட்டென்று இறங்குகிறதோ அந்த விளிம்பில்தான் நிற்கும் என்றான். பழைய ஆற்றின் கரை. பழைய ரோட்டு மேடு. ஈயக் குண்டைத் தரையில் தட்டித் தட்டி, அதன் பின்னால் மண்புழுவை இழுத்துக்கொண்டு மெதுவாகப் படகை ஓட்டினோம்.

"இந்தப் பக்கத்துக்கு ஏன் வான் ஹூக் கிளை என்று பெயர்?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"கீழே இருக்கிற ஊரின் பெயர்" என்றான்.

1953இல் அணையை மூடினார்கள். வான் ஹூக், சானிஷ், எல்போவுட்ஸ் என்று மூன்று ஊர்கள் முழுகின. வீடுகளில் சிலவற்றை அப்படியே பெயர்த்துச் சக்கரத்தில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த மேட்டு ஊரின் பெயர் நியூ டவுன். பெயர் வைக்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை போல. எல்போவுட்ஸ் மாண்டன், ஹிடாட்சா, அரிகாரா பழங்குடியினரின் ஊர். 1948இல் நிலத்தைக் கொடுக்கும் ஒப்பந்தம் வாஷிங்டனில் கையெழுத்தாகும்போது எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. அந்த மக்களின் தலைவர் ஜார்ஜ் ஜில்லட் கோட்டு சூட்டில், கையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருக்கிறார். பக்கத்தில் உள்துறைச் செயலாளர் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். ராத்திரி மோட்டலில் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன்.

நண்பனின் பாட்டி வான் ஹூக்கில் பள்ளிக்கூடம் படித்தவர். திரையில் ஒரு சதுர மேடு கடந்தது. என்னவென்று அவனுக்கும் தெரியாது. ஒரு தானியக் கிடங்கின் அடித்தளமாக இருக்கலாம் என்றான். அதன் விளிம்பில்தான் எனக்கு முதல் வால்ஐ மாட்டியது. விரால் மாதிரி அடிக்காது, ஈரத்துணி மாட்டினாற்போல் நரம்பு கனக்கும், அவ்வளவுதான். இந்தத் தடவையும் நான் பத்து எண்ணவில்லை. ஆனால் மீன் வந்துவிட்டது.

எனக்கு அப்போது கிணற்று மேட்டுக் கல்தூண்கள்தான் நினைவில் இருந்தன. அங்கே ஊர் மேல் ஏரி. இங்கே ஏரி மேல் ஊர். இரண்டு இடத்திலும் மீனுக்குக் கணக்கு ஒன்றுதான்: கீழே யாரோ எதையோ விட்டுப்போயிருக்க வேண்டும். இதை நண்பனிடம் சொல்ல நினைத்து, இங்கிலீஷில் கோர்வையாக வராமல் விட்டுவிட்டேன்.

மறுபடி ஆவணிக்கு வருகிறேன். வீட்டை விற்பது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் அம்மாவின் முட்டி. 2021இல் ஒருமுறை, 2023 டிசம்பர் மிக்ஜாமில் ஒருமுறை ராத்திரியோடு ராத்திரியாக அம்மாவை மாடிக்குத் தூக்க வேண்டியிருந்தது. சேலையூர் பக்கம் லிஃப்ட் வைத்த ஃபிளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வந்த குடும்பம் திருவண்ணாமலைப் பக்கம். கணவன், மனைவி, எட்டு வயசுப் பையன். ஸ்ரீபெரும்புதூரில் வேலை. முதல் வீடு. அந்த மனுஷரின் முகத்தில் இருந்ததை எனக்குத் தெரியும்.

புரோக்கர் சொன்னதற்கு நான் மறுப்புச் சொல்லாமல் நின்றேன். இதை எழுதுவதே அதற்காகத்தான். பதினாலு வயசில் நான் சொல்லாமல் விட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. முப்பத்தாறு வயசில் எனக்கு இருந்தது இ.எம்.ஐ. கணக்கு மட்டும்.

அப்பா சேரிலிருந்து எழுந்தார். "சார், இப்படி வாங்க" என்று அவரை மாடிப்படிக்குக் கூட்டிப்போனார். படிச் சுவரில் அவர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி. பெயின்ட் அடிக்க வந்தவனை அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லியிருக்கிறார். எனக்கே தெரியாது. "இது 2015 டிசம்பர் 2. இது 21. இது போன வருஷம். போன வருஷம் கொஞ்சம் கம்மிதான்." புரோக்கர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அந்த அம்மா பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லைத் தடவிப் பார்த்து, "இவ்ளோ நல்ல கல்லு எங்க கெடச்சுது?" என்றார். பையன் காம்பவுண்டுச் சுவரில் ஏறிப் பக்கத்து மனையின் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விலையைக் குறைத்தால் யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு தடவை போன் வந்தது. அப்புறம் வரவில்லை.

இன்று ஐப்பசி எட்டு. மதியத்திலிருந்து தூறிக்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு அடியில் ஆறு செங்கல் வைத்தாகிவிட்டது, வாஷிங் மெஷினை மாடிக்கு ஏற்ற சாயங்காலம் ஆள் வருவான். அப்பா படியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார்.